கோடு அசையாத பதினாறு விநாடிகள்

பாப்பா,

நேற்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். "அப்பாவுக்குக் கோவமாம்மா? நான் நாப்பது நிமிசம் பேசியிருக்கேன், அவரு 'ம்' கூட ஒழுங்காச் சொல்லலியே" என்று. அம்மா அதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டு, "நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்குக் காலு வலிக்கு" என்று உள்ளே போய்விட்டாள். கோபம் இல்லை, பாப்பா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ நிதானமாகப் படிக்கலாம். போனில் சொன்னால் வழக்கம்போல என் வாய் என்னை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் கையால் எழுதுகிறேன். போலீஸ் வேலையில் பாதி நாள் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்து அடுத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதியே கழித்தவன் நான். என்னுடையதை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. உன் பழைய லேப்டாப்பிலிருந்து தொடங்குகிறேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன் நிகழ்ச்சியை "நேரம் கெடைச்சா கேப்பேன்" என்றுதான் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். மெல்போர்ன் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன இணைய வானொலியில் நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சனிக்கிழமையைக்கூட நான் விட்டதில்லை. உனக்கு மெல்போர்னில் சாயங்காலம் ஐந்து மணி, எனக்கு மேலகரத்தில் மத்தியானம் பன்னிரண்டரை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு மணி நேரம் யார் வந்து கூப்பிட்டாலும் அம்மாதான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். நீ போடும் பாட்டைவிட, அங்கே இருக்கும் வயதானவர்கள் போன் போட்டு முட்டிவலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேச, நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாயே, அதுதான் எனக்குப் பிடிக்கும். இத்தனை பொறுமை இவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "ஒங்ககிட்ட இருந்து இல்ல" என்றாள்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் விழ ஆரம்பித்த வாரத்தில்தான் அந்த வானொலியை நிறுத்தப்போகிறார்கள் என்று நீ அறிவித்தாய். இன்னும் நான்கு சனிக்கிழமை. கடைசி நிகழ்ச்சி முழுக்க நம் ஊரைப் பற்றித்தான் என்றும் சொன்னாய். பிறகு போனில் பேசும்போது, "அங்க எதையும் சேத்து வைக்கலப்பா. நானும் ஒண்ணும் எடுத்து வைக்கல. பேசினது எல்லாம் காத்தோட போச்சு" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாங்கள் ஒரு சைக்கிள் திருட்டுக்குக்கூட நாலு பக்கம் எழுதி வைப்போம். என் மகள் இத்தனை வாரம் பேசியதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையா என்று தோன்றியது. கடைசி நிகழ்ச்சியையாவது பதிந்து உனக்கு அனுப்ப வேண்டும், அதுவரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். டேப் ரிக்கார்டரில் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்குவோமே, அந்த அளவு வேலை என்றுதான் நினைத்தேன்.

இலவசமாகக் கிடைக்கும் பதிவு மென்பொருள் ஒன்றை ஒரு வீடியோவைப் பார்த்து இறக்கினேன். அந்த வீடியோவில் பேசிய பையன் மூச்சு விடாமல் பேசினான். நான் நிறுத்தி நிறுத்தி, நோட்டில் எழுதி எழுதிக் கேட்டேன். சவுண்ட் செட்டிங்கில் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று ஒலி வெளியே போவதற்கு, இன்னொன்று உள்ளே வருவதற்கு. இங்கேயே எனக்குத் தலை சுற்றியது. உன் குரல் மெல்போர்னிலிருந்து என் வீட்டுக்குள் வருகிறது, ஆகவே அது உள்ளே வரும் ஒலி என்று நான் நினைக்கிறேன். கம்ப்யூட்டருக்கோ அது வெளியே போகும் ஒலியாம். எனக்கு வருவது அதற்குப் போவது. அப்படியென்றால் அது எதைத்தான் உள்ளே வரும் ஒலி என்று எடுத்துக்கொள்ளும்? நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு, தெரிந்த வரைக்கும் டிக் அடித்து, முதல் சனிக்கிழமை பதிவுப் பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு கோடு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நீ பேசினாய், பாடல் போட்டாய், யாரோ ஒரு பாட்டையா தன் பேரனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்; கோடு அசையவே இல்லை. முடிந்ததும் போட்டுக் கேட்டால் ஒரு மணி நேரம் வெறுமை. மைக் அணைந்து கிடந்திருக்கிறது என்பது மறுநாள் புரிந்தது. அதைத் திறந்துவிட்டு "ஹலோ, ஹலோ" என்றேன். கோடு துள்ளியது. அம்மா அடுக்களையிலிருந்து, "யாருட்ட பேசுதிய?" என்றாள். கோடு மறுபடியும் துள்ளியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை கோடு நன்றாகவே ஆடியது. அந்தச் சந்தோஷத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். வழக்கம்போல நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடத்தில் நீ கூப்பிட்டாய். எனக்கு இடது காது மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவேன், உனக்குத் தெரியும். பேசினோம், வைத்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் லேப்டாப் இன்னும் பதிந்துகொண்டிருக்கிறது. உனக்குத் தெரியாமல் உன் பேச்சைப் பதிந்தது அப்படித்தான் நடந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் தப்பு தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கேட்டேன். உன் நிகழ்ச்சி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அதற்கு மேலே மின்விசிறி, குக்கர் விசில், தெருவில் மீன்காரர் வண்டி, நடுநடுவே என் இருமல். இதையெல்லாமா கேட்கச் சொன்னேன் என்று எரிச்சல் வந்தது. நிகழ்ச்சி முடிந்த பிறகு உள்ள பகுதியை நான் காதால் கேட்கவே இல்லை, கண்ணால்தான் பார்த்தேன். அதில் ஓர் இடத்தில் கோடு மறுபடியும் அசையாமல் கிடந்தது. பதினாறு விநாடி. போன வாரத்தைப் போலவே. ஆக, செட்டிங் இன்னும் சரியில்லை, இடையிடையே விட்டுவிட்டுப் பதிகிறது என்று முடிவுகட்டினேன். கடைசி நிகழ்ச்சியில் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது?

திங்கட்கிழமை சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு, லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றி தென்காசிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சந்தில் பாத்திமா என்ற பெண் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அவளுடைய வாப்பாவுக்கு நான் பழக்கம் என்பதால் என்னை இன்னும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளிடம் அந்த இடத்தைத் திரையில் காட்டி, "இங்கன பாரும்மா, சத்தம் பதியல. போன வாரமும் இப்படித்தான் கோடாப் போட்டுச்சு" என்றேன்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடியும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "செட்டிங் சரியாத்தான் இருக்கு ஏட்டையா. ஃபேன் ஓடுத சத்தம் சின்னதாக் கேக்கு. வெளிய ஆட்டோ போகுது, அதும் கேக்கு" என்றாள்.

"பொறவு ஏன் கோடு அசையல?"

"அக்கா பேசல. அதான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து ஹெட்போனை என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வேலையே இல்லாத பிரிண்டர் பக்கம் எழுந்துபோய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

நான் கேட்டதை இங்கே அப்படியே எழுதுகிறேன். எழுதிப் பழகிய கை. நீ, "அப்பா, ஒங்கட்ட ஒரு விசயம் சொல்லணும்னு..." என்கிறாய். நான் முடிக்க விடவில்லை. "இரு இரு, மொதல்ல இதக் கேளு. கீழப்பாவூருல கெட்டிக்குடுத்தமே, ஒங்க அத்தை மக இசக்கி, அவ போன மாசம் பையத் தூக்கிட்டு வந்துட்டா பாத்துக்க. ஒங்க அத்தை அழுதுட்டே போன் போடுதா. நான் போனேன். ஒரே பேச்சு. கெட்டிக்குடுத்த எடத்துல இருந்தாத்தான் பொம்பளப்பிள்ளைக்கு மரியாதி, சின்னச் சின்னதுக்கெல்லாம் கெளம்பி வரப்படாதுன்னு சொல்லி, அன்னைக்கே கொண்டு விட்டுட்டு வந்துட்டேன். நான் பாக்காத கேஸா!" அதற்குப் பிறகுதான் அந்தப் பதினாறு விநாடி. மின்விசிறி சுற்றுகிறது. ஆட்டோ போகிறது. பிறகு நீ, "சரிப்பா" என்கிறாய். "என்னமோ சொல்ல வந்தியே?" என்கிறேன். "ஒண்ணும் இல்லப்பா. நீங்க..." என்கிறாய். "சரி சரி, சாப்பிடணும், வைக்கேன்" என்று நான் வைத்துவிடுகிறேன். நீதான் எப்போதும் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய் என்று எத்தனை தடவை அம்மாவிடம் குறைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? அதை நம்பித்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

என் குரல் எனக்கே யாரோபோல இருந்தது. கேலி செய்யவில்லை, திட்டவில்லை, சந்தோஷமாகத்தான் சொல்கிறேன். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. பாத்திமா திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல வேலையைப் பார்த்தாள். ரெக்கார்டிங் பட்டியலின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, மறைத்து வைக்கப்பட்டிருந்த ஒன்றை வெளியே கொண்டுவந்தாள். அதற்குப் பெயர் ஸ்டீரியோ மிக்ஸ். "நீங்க மைக்கத் தெறந்து வச்சிருக்கிய. அது வீட்டுல நடக்கதத்தான் கேக்கும். இதத் தேர்ந்தெடுத்தா கம்ப்யூட்டருக்குள்ள ஓடுததை மட்டும் கேக்கும். வெளிய என்ன பேசினாலும் பதியாது" என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அவள் சொன்ன இரண்டில் எதை நான் பதிய வேண்டியிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "பாப்பா என்னட்ட என்னத்தையோ சொல்ல வந்தாளா?" அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மூணு மாசமாச் சொல்ல வருதா" என்றாள். "ஒனக்குத் தெரியுமா?" "தெரியும்." "பொறவு ஏன் எனக்குச் சொல்லல?" அப்போதுதான் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அவ என்னட்டச் சத்தியம் வாங்கிட்டா. அவளே சொல்லணுமாம். நீங்க காது குடுத்தாத்தான சொல்லுவா?" "என்ன விசயம்னு மட்டும் சொல்லு." "இசக்கிக்கு என்ன விசயமோ அதான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் காயை எடுத்துக்கொண்டாள். சத்தியத்தையும் மீறவில்லை, எனக்கும் சொல்லிவிட்டாள்.

உனக்கு அந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவன் நான். என்னோடு வேலை பார்த்தவரின் மகன், வெளிநாட்டில் வேலை, நல்ல குடும்பம் என்று நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். நீ யோசிக்க ஒரு மாதம் கேட்டாய். "இதுல யோசிக்கதுக்கு என்னட்டி இருக்கு?" என்று நான் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. நீயும் பதினாறு விநாடி பேசாமல் நின்றிருப்பாயோ என்னவோ. அன்றைக்குப் பதிய ஒரு கருவியும் இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை ஸ்டீரியோ மிக்ஸில் உன் குரல் கண்ணாடிபோலப் பதிந்தது. இருபதாவது நிமிடம் லேப்டாப் தூங்கிப்போய்விட்டது. யாரும் தொடாமல் இருந்தால் அது தானே தூங்கிவிடும் என்று இன்னொரு செட்டிங் இருக்கிறதாம்; அந்த வாரம் நடந்த அப்டேட்டில் அது தானாக விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பிறகு நீ கூப்பிட்டாய். இன்றைக்கு வாயைத் திறக்கக்கூடாது, அவளைப் பேசவிட வேண்டும் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ "எப்படிப்பா இருக்கிய?" என்றாய். அவ்வளவுதான். பழைய குற்றால அருவியில் தண்ணீர் கூடி யாரையும் விடவில்லை என்பதிலிருந்து, எதிர்வீட்டில் மாடி எடுப்பது வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். உன் வாயிலிருந்து அந்த விஷயம் வந்துவிடுமோ என்ற பயம்தான் என்னை அப்படிப் பேசவைத்தது என்று இப்போது தோன்றுகிறது. கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது. அப்படி ஒரு நிலை. கடைசியில் நான்தான் "வைக்கேன்" என்றேன். இந்தத் தடவை அதைக் கவனித்தேன்.

புதன்கிழமை பஸ் ஏறிக் கீழப்பாவூருக்குப் போனேன். அம்மாவிடம் பாவூர்சத்திரம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். இசக்கி மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயது மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "வாங்க மாமா. அவுக வெளிய போயிருக்காக. வரச் சொல்லட்டா?" என்றாள். "வேண்டாம். ஒன்னத்தான் பாக்க வந்தேன்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் உட்கார்ந்து, இலையை எடுத்தாள், தூளை வைத்தாள், சுற்றினாள், நூலைக் கட்டினாள். நானும் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு நீளமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்துப் பதினைந்து பீடி ஆன பிறகு, தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க என்ட்ட ஒண்ணுமே கேக்கல மாமா. அவுகட்டதான் கேட்டிய."

பிறகு இடது கையைச் சேலை மறைப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். நான் விவரம் எழுதப்போவதில்லை. இந்த மாதிரிக் கையை ஸ்டேஷனில் எத்தனையோ பார்த்து, "சமாதானமாப் போங்கம்மா, பிள்ளை இருக்கில்லா" என்று எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறேன். அந்தக் காகிதங்களில் எல்லாம் அவர்கள் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. எதை எழுதினேன், எதை விட்டேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்குப் பாதிதான் நிச்சயமாகத் தெரிகிறது. "என்ன செய்யணும்னு நெனைக்க?" என்று கேட்டேன். "தெரியல மாமா" என்றாள். "வரணும்னு தோணிச்சுன்னா நம்ம வீட்டுக்கு வா. யாரையும் கேக்காண்டாம்" என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவளை அங்கேயே விட்டுவிட்டு வருவது சரியா, கையோடு கூட்டி வந்திருக்க வேண்டுமா என்று ஒரே யோசனை. நடத்துநர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் மேலகரத்தில் இறங்கினேன்.

கடைசிச் சனிக்கிழமைக்குப் பாத்திமா ஒரு பழைய யுபிஎஸ் கொடுத்தனுப்பினாள். சீசன் காற்றில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாதே. உன் லேப்டாப்பின் பேட்டரி செத்து வருடமாகிறது. தூங்கும் செட்டிங்கை மாற்றினேன். ஸ்டீரியோ மிக்ஸ் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். நீ பேச ஆரம்பித்த இருபதாவது நிமிடம் மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்கீச் என்று கத்திக்கொண்டே லேப்டாப்பையும் இணையப் பெட்டியையும் தாங்கியது. அந்தக் கத்தல் ஒரு துளிகூடப் பதிவில் இல்லை. ஆனால் உன் பெரியப்பா மகன் அனுப்பிய வாட்ஸ்அப் வாழ்த்து ஒன்று 'டிங்' என்று நன்றாக விழுந்திருக்கிறது. லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தது என் தப்பு. நீ ஐந்தருவிக் குரங்குகளைப் பற்றிச் சொல்லும்போது அது வரும், கண்டுகொள்ளாதே.

அந்த நிகழ்ச்சியில் நீ ஒன்று சொன்னாய். நான் மெயின் அருவி போலீஸ் அவுட்போஸ்ட்டில் சீசன் டூட்டி பார்த்தபோது, ஏழு வயதில் நீ அங்கே வந்து உட்கார்ந்திருந்ததாகவும், கூட்டத்தில் தொலைந்த ஒரு பையன் யார் கேட்டும் பேர் சொல்லாமல் அழுததாகவும், நீ பக்கத்தில் உட்கார்ந்து நேந்திரம் சிப்ஸைப் பகிர்ந்து தின்றதில் அவன் தானாகவே பேர் சொன்னதாகவும், அதைக் கேட்ட அப்பா அறிவிப்பு மைக்கை உன் கையில் கொடுத்து "நீயே சொல்லு" என்றதாகவும். "அப்பா கொடுத்ததுதான் நான் பிடித்த முதல் மைக்" என்றாய். பாப்பா, எனக்கு இது அப்படி ஞாபகம் இல்லை. நீ கேட்காமல் மைக்கை எடுத்தாய் என்றும், நான் பிடுங்கிக்கொண்டு உன்னைத் திட்டினேன் என்றும்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எது நடந்தது? அம்மாவைக் கேட்டால், தான் அப்போது துணி மாற்றும் இடத்தில் இருந்ததாகச் சொல்கிறாள். நீ சொன்னதை வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நான் நினைப்பதுதான் சரியாக இருக்கும்.

பிறகு நீ கூப்பிட்டாய். பதிவை நிறுத்தி, மைக்கும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் போனை எடுத்தேன். "சொல்லும்மா" என்றேன். நீ சொன்னாய். ஏழு மாதமாகத் தனி வீட்டில் இருப்பதை, பிரிவதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதை, அதற்கு முன்பு நடந்ததை எல்லாம். எனக்கு எத்தனையோ சொல்ல வந்தது. அவனை என்ன செய்கிறேன் பார் என்று வந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வந்தது. ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்து நிறுத்தினேன். மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை மறுநாள் வரை வலித்தது. அம்மா பக்கத்தில் நின்று என் தோளில் கை வைத்திருந்தாள், அது உனக்குத் தெரிய வழியில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், பாப்பா. அவ்வளவுதான். கேட்பதில் எனக்குப் பழக்கம் இல்லாததால் அது உனக்குக் கோபம்போலத் தெரிந்திருக்கிறது. நடுவில் எங்கே 'ம்' சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு கோப்பு இருக்கிறது. ஒன்று உன் கடைசி நிகழ்ச்சி. இன்னொன்று, உன்னைக் கேட்காமல் பதிந்த அந்தப் பேச்சு. லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன், இது ஒன்றுதான் மிச்சம். அழிப்பதா வைப்பதா என்பது உன் இஷ்டம். நீ அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கேட்டாலும் நல்லதுதானோ என்றும் தோன்றுகிறது. பார்த்தாயா, இதிலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

நேற்று முன்தினம் இசக்கி வந்துவிட்டாள். ஒரு பை, குழந்தை, பீடித் தட்டு. கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு, "மாமா, நீங்க சொன்னியல்லா..." என்றாள். அம்மா போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலையில் அவள் புருஷன் எனக்குப் போன் செய்தான். "மாமா, நீங்க பெரியவங்க. போன தடவ மாதிரி ரெண்டு வார்த்த சொல்லி அனுப்பி வைங்க" என்றான். போன தடவை மாதிரி. "போன தடவ நான் அவட்ட ஒண்ணுமே கேக்கல தம்பி. இந்தத் தடவ கேட்டுட்டேன். இனிமே அவதான் சொல்லணும். அவ சொல்லுதத எழுதிக் குடுக்க வேண்டிய எடத்துல நானே கூடப் போயி எழுதிக் குடுப்பேன்" என்றேன். அவன் ஏதோ கத்த ஆரம்பித்தான். இசக்கி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வேண்டுமா என்று அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் வைத்துவிட்டேன்.

உனக்கு வருகிறேன். அன்றைக்கு முடிக்கும்போது நீ கேட்டாயே, "ஊருக்கு வந்துரட்டாப்பா, இல்ல இங்கயே இருக்கட்டா?" என்று. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை, நீயும் கொஞ்சம் பார்த்துவிட்டு "சரிப்பா, யோசிங்க" என்று வைத்துவிட்டாய். யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை, பாப்பா. வந்தால் ஊர் நாலு வார்த்தை பேசும், பேசட்டும், அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்வோம். இருந்தால் நீ அங்கே தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுப்பதை நினைத்து எனக்கு இங்கே சோறு இறங்காது. ஆனால் அது என் கஷ்டம், உன் கணக்கில் அதைச் சேர்க்காதே. உன் வேலை, உன் மனிதர்கள், உன்னிடம் போனில் முட்டிவலி சொன்ன அந்தக் கிழவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். எது நல்லது என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, தைரியமும் இல்லை. ஒரு தடவை உனக்காக முடிவெடுத்தேன், அது போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் இனி உனக்கு நிகழ்ச்சி கிடையாது. பன்னிரண்டரைக்கு நானும் மேசையில் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்துக்குக் கூப்பிடு. ஏதாவது பேசு, இல்லாவிட்டால் பேசாமல் இரு. எவ்வளவு நேரமானாலும் சரி, போனை நீ வைத்த பிறகுதான் நான் வைப்பேன்.

அப்பா